வெண்ணந்தூருக்குக் கொண்டுபோன கடலை மெஷின்

சேலம் பஸ் நிலையத்தில் என்னை யாரும் பார்க்கவில்லை, என் பெட்டியைத்தான் பார்த்தார்கள். மரச்சட்டம் அடித்து, சாக்குச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, ஒரு கன்றுக்குட்டி கனம் கனத்தது அது. "உள்ள என்னங்க, சாமி சிலைங்களா?" என்று கேட்டார் சுமை தூக்குபவர். கச்சான் உரிக்கிற மெஷின் என்றேன். விழித்தார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கச்சான் என்பதை இங்கே கடலைக்காய் என்கிறார்கள். அதைச் சொன்னதும், "அதுக்குத்தான் பொம்பளைங்க இருக்கறாங்களே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலைக்கு ஏற்றினார். நான் சிரித்தேன். எத்தனை ஊர் பார்த்தவன் நான், இந்த மாதிரிப் பேச்சைக் கேட்காதவனா என்று நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. சின்னக் கமக்காரர்களுக்கு, இங்கே விவசாயிகள் என்பார்கள், ஏற்ற கருவிகளைச் செய்து பார்க்கிற ஒரு பட்டறையில் எனக்கு வேலை. மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம், ஊர்க் கொல்லரே பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று போகிற இடமெல்லாம் சொல்வோம். அப்படிச் செய்தவற்றில் எங்களுக்கு மிகவும் பெருமையாக இருந்தது இந்த மெஷின். மேலே காயைக் கொட்டிக் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால், சல்லடை வழியாகப் பருப்பும் தோலுமாகக் கீழே விழும். பத்துப் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து பெருவிரல் வீங்க உரிப்பதை ஒரே ஆள் காலையிலேயே முடித்துவிடலாம். சேலத்தில் எங்களைப் போன்ற ஒரு சங்கத்தார் எழுதிக் கேட்டிருந்தார்கள்: மழையை நம்பிக் கடலை போடுகிற ஊர்கள் இங்கே நிறைய, ஒன்று கொண்டுவந்து காட்டுவீர்களா என்று. கப்பலும் ரயிலும் ஏறி வந்த கதையை விட்டுவிடுகிறேன்.

ராசிபுரத்தில் நான் இறங்கினேன், பெட்டியும் இறங்கியது. பெட்டிக்கு வெளியே தனியாகக் கட்டி வைத்திருந்த கைப்பிடி இறங்கவில்லை. அது பஸ் கூரையிலேயே நாமக்கல்லுக்குப் போய்விட்டது. அதே பஸ் திரும்பி வரட்டும் என்று காத்திருந்த நேரத்தில் ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டேன். நெய் ஊற்றட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. ஊற்றிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். நெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் என்பதை அந்தத் தோசையிலேயே தெரிந்துகொண்டேன். பஸ் திரும்பி வந்தது, கைப்பிடி வரவில்லை.

பக்கத்தில் லாரி வேலை செய்கிற ஒரு லேத் பட்டறை இருந்தது. நான் கையாலேயே நீளம் காட்டினேன். அந்த மனிதர் தன் முழங்கையை அதற்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். லாரியில் கழித்துப் போட்ட கம்பி ஒன்றை வெட்டி, வளைத்து, முனையில் மரை போட்டு, நான் டீ குடித்து முடிப்பதற்குள் வைத்திருந்தார். எங்கள் பட்டறையில் இதற்கு முதலில் ஒரு கூட்டம் போட்டிருப்போம். அசல் கைப்பிடியைவிட இது நன்றாகவே பொருந்தியது.

என்னை அழைத்துப்போக மாட்டுவண்டியோடு செங்கோடன் வந்திருந்தார். மெஷினை முதலில் கொடுத்துப் பார்ப்பதற்குச் சங்கத்தார் தேர்ந்தெடுத்த விவசாயி அவர். ஐம்பது வயது இருக்கும். பேசுவதற்கு முன் தோளில் இருக்கிற துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். வண்டியில் பூட்டியிருந்த செவலைக் காளைகள் இரண்டும் ஒரே தாயின் கன்றுகள் என்று வழியெல்லாம் அவற்றைப் பற்றியே சொல்லிவந்தார். வெண்ணந்தூர்த் தெருவில் தறிச் சத்தம் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. அதைத் தாண்டியதும் செம்மண் நிலம் விரிந்தது.

"அதா, அதுதானுங்க நம்ம காடு" என்று கை காட்டினார். நான் மரங்களைத் தேடினேன். இங்கே மழையை நம்பிய நிலத்துக்குக் காடு என்று பெயர். கிணறு இருந்தால் தோட்டம். எங்கள் ஊரில் கிணறு இல்லாத காணியை யாரும் காணியாகவே மதிக்க மாட்டார்கள். செங்கோடனுக்கு இருந்தது மூன்று ஏக்கர் காடு மட்டும். மழை விழுந்த மறுநாள் ஏர் ஓட்டி, உழவுசாலில் கடலைப் பருப்பைப் போட்டுவிட வேண்டும். ஈரம் போய்விட்டால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும், அது வந்தாலும் வரும். விளைகிற காய்தான் குடும்பத்துக்கு வருஷம் முழுதும். காய் பறித்த பிறகு மிஞ்சுகிற கொடிதான் காளைகளுக்குத் தீனி. இதையெல்லாம் அவர் வண்டியில் வரும்போதே சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் கொண்டேன்.

அவர் மனைவி பாவாயி எனக்குக் களியும் கீரையும் போட்டார். பிறகு சோறு. தொட்டுக்கொள்ளக் கடலைச் சட்னி. மூன்று வேளையும் தேங்காய்ப் பாலில் நீந்துகிற எங்கள் நாக்குக்கு இந்தச் சாப்பாடு முதல் நாள் வறட்சியாக இருந்தது, இரண்டாம் நாள் பிடித்துப்போனது. போதும் என்று சொல்லி இலைமேல் கையை விரித்து மறைத்தேன். அவர் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார். மோர் எடுக்க நான் கையை எடுத்ததுதான் தாமதம், சோறு விழுந்துவிட்டது.

ஊரிலிருந்து ஒரு பெட்டி பனங்கட்டி கொண்டுபோயிருந்தேன். செங்கோடன் இரண்டு கையாலும் வாங்கினார். உடனே அங்கேயே பிரித்து, வீட்டில் இருந்த எல்லாரும் என் கண்ணெதிரே சாப்பிட்டுத் தீர்த்தார்கள். "இப்படி ஒரு ருசி பாத்ததில்லீங்க" என்றார். மறுநாள் தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் போனபோது, மூலையில் ஒரு பானை நிறைய அதே பனங்கட்டி, அவர்கள் சொல்லில் கருப்பட்டி, இருப்பதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. விருந்தாளி கொடுத்ததில் கொஞ்சம் எடுத்து வைத்தால் அது அவனைக் குறைவாக நினைத்ததாகும் என்பது அவர்கள் வழக்கம். அதையும் நோட்டில் குறித்தேன், வேடிக்கையான வழக்கம் என்று.

மூன்றாம் நாள் காலை வாசலில் மெஷினை நிறுத்தினேன். ஊரே வந்துவிட்டது. ஆண்கள் முன்னால், பெண்கள் வேப்ப மரத்தடியில் தள்ளி. செங்கோடன் விதைக்கென்று எடுத்து வைத்திருந்த காய் மூட்டைகளில் ஒன்றைப் பிரித்துக் கொட்டினார். நான் கைப்பிடியை ஆட்டினேன். சடசடவென்று பருப்பு கொட்டியது. உடைந்தது மிகக் கொஞ்சம். ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஆட்டிப் பார்த்தார்கள். "நல்லாருக்குதுங்க, ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

வேப்ப மரத்தடியிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். பெயர் மாராயி. விதைப்புக்கு முந்தின வாரங்களில் செங்கோடன் வீட்டுக் கடலை முழுவதையும் உரித்துக் கொடுப்பது அவரும் அவரோடு வரும் நாலைந்து பெண்களும்தான். காட்டில் வேறு வேலை இல்லாத அந்த வாரங்களில் அவர்களுக்குக் கிடைக்கிற கூலி அது. ஒடிந்த பருப்பை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள், பிள்ளைகளுக்கு. மாராயி குனிந்து ஒரு பிடி பருப்பை அள்ளினார். ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, இதுல மூக்குப் போயிருக்குதுங்களே."

பருப்பின் கூரான முனையை அவர்கள் மூக்கு என்கிறார்கள். முளை அங்கேதான் இருக்கிறது. நான் வாங்கிப் பார்த்தேன். பருப்பு முழுசாகத்தான் இருந்தது. முனையில் சிவப்புத் தோல் லேசாக உரிந்திருந்தது.

"தோல்தான் அம்மா, பருப்புக்கு ஒன்றும் இல்லை" என்றேன்.

"தோலுன்னாலும்..." என்று தொடங்கினார். அதற்குள் பாவாயி, "ஏ மாராயி, சும்மா இரு. தூரத்துலருந்து வந்தவீங்க கிட்ட என்ன பேச்சு" என்று அடக்கிவிட்டார். மாராயி பருப்பைக் குவியலில் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போனார்.

அந்த நிமிஷம் எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூலி போகிறதே என்கிற வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று மட்டும் நினைக்கவில்லை. எங்கள் பட்டறையில் எத்தனை மூட்டை உரித்துப் பார்த்திருப்போம். உடைந்த பருப்பை எண்ணியிருக்கிறோம், நேரத்தைக் குறித்திருக்கிறோம். உரித்த பருப்பில் ஒன்றையாவது மண்ணில் ஊன்றிப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் அது வறுத்துத் தின்னப் போயிற்று, எண்ணெய் ஆட்டப் போயிற்று. விதைக்கென்று யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் புதுக் கருவி என்றால் பாதி பாதியாகச் செய்து பார்ப்பது எங்கள் முறை. செங்கோடனிடம் சொன்னேன். "அரைவாசிக் காணிக்கு மெஷின் பருப்பு, அரைவாசிக்குக் கையால் உரித்தது. பக்கத்தில் பக்கத்தில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும்."

அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "சேரிங்க சாமி. நீங்க சொன்னாச் சேரிங்க."

நாலாம் நாள் கெங்கவல்லிக்குப் போனேன். அங்கேயும் கடலை விவசாயிகள் சிலர் மெஷினைப் பற்றிக் கேட்கக் கூடியிருந்தார்கள். அந்தப் பக்கம் போகப் போகப் பேச்சில் 'ங்க' குறைந்துகொண்டே வந்தது. பஸ்ஸில் டயர் பஞ்சராகி ஒரு புளிய மரத்தடியில் இறங்கி நின்றோம். டிரைவர் கண்டக்டரைத் திட்டினார், கண்டக்டர் டயரைத் திட்டினார். பயணிகளில் ஒருவர் எல்லாருக்கும் நுங்கு வெட்டிக் கொடுத்தார். நுங்கைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று போனவன், ஊர்க் கொல்லர் ஒருவருக்கு மெஷினின் அளவுகளை வரைந்து கொடுப்பதில் பத்து நாளுக்கு மேல் தங்கிவிட்டேன்.

போன மறுநாளே மழை பிடித்தது. கொல்லர் பட்டறையின் ஓட்டுக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது, "மேக்கால இன்னும் ஜாஸ்தியாம், ராசிபுரம் பக்கமெல்லாம் நனைஞ்சு கெடக்குதாம்" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். சந்தோஷத்தில் அவர்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். செங்கோடன் ஏர் பூட்டியிருப்பார், மெஷின் பருப்பு மண்ணில் விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, முளைத்த காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெண்ணந்தூர்ப் பக்கம் வர வர எங்கும் சால் சாலாகப் பச்சை தெரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பட்ட வண்டி ஒன்றில் ஏறிப் போனேன். செங்கோடனின் காடு வந்தது. செம்மண்ணாகவே கிடந்தது. அடுத்த காட்டில் அதே நாளில் விதைத்தது இரண்டு இலை, நாலு இலை விட்டிருந்தது. இவருடையதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முளைகள் நின்றன. நான் வண்டியிலிருந்து இறங்கி ஓடினேன். ஓர் உழவுசாலை விரலால் கிளறினேன். பருப்பு ஊதி, கறுத்து, அழுகியிருந்தது. இன்னொன்றைக் கிளறினேன். பிறகு வேறொரு சாலில். எல்லாவற்றிலும் தோல் உரிந்த அந்த மூக்குத்தான் முதலில் அழுகியிருந்தது.

கையால் உரித்ததைப் போட்ட பாதி எங்கே என்று தேடினேன். அப்படி ஒரு பாதியே இல்லை. மூன்று ஏக்கரும் ஒரே மாதிரி கிடந்தது.

செங்கோடன் வந்து பக்கத்தில் நின்றார். "மழ சரியில்லீங்க" என்றார்.

அடுத்த காட்டைக் காட்டினேன்.

"அது மண்ணு வேறீங்க. அப்பறம் இந்தக் காக்கா வேற, பொறுக்கிட்டுப் போயிருச்சுங்க."

"பாதி கையால் உரித்தது போடச் சொன்னேனே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. குற்றம் சாட்டுகிறவன் குரலாக இருந்தது.

அவர் துண்டைக் கையில் எடுத்துத் திருகினார். "கடல் தாண்டி, செமந்துக்கிட்டு வந்து குடுத்திருக்கறீங்க. அதுல பாதிக்குப் போட்டு, பாதிய நாங்க வழக்கமாட்டப் பண்ணுனா, உங்கள நம்பாத மாதிரி ஆயிருங்க. எப்புடீங்க சாமி அப்புடிச் செய்யறது?"

பனங்கட்டிப் பெட்டி ஞாபகம் வந்தது. வேடிக்கை என்று நோட்டில் எழுதியவன் நான். அந்த வழக்கம் விதைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்து, கையால் குறித்து, அதற்குப் பிறகும் அந்த மனிதரிடம் பாதிக் காட்டுக்கு என் மெஷினை நம்பாதே என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

கெங்கவல்லிக் கொல்லருக்கு அன்றே ஒரு கார்டு போட்டேன்: தின்பதற்கும் எண்ணெய்க்கும் மட்டும், விதைக்கு வேண்டவே வேண்டாம் என்று. அது எளிதாக இருந்தது. எதிரே நின்ற மூன்று ஏக்கருக்கு எந்தக் கார்டு போடுவது என்று தெரியவில்லை.

பாவாயியின் அண்ணன் வீட்டிலிருந்து விதைக் காய் ஒரு மூட்டை வந்தது. அவர்களிடமே அவ்வளவுதான் மிச்சம். மூன்று ஏக்கருக்கு அது எந்த மூலைக்கு? இருப்பதைப் போடலாம், மறு மழை வந்தால் ஒரு ஏக்கராவது கிடைக்கும் என்றார் செங்கோடன். மாராயியையும் மற்றப் பெண்களையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து உரித்தார்கள். மெஷின் ஒரு ஓரத்தில் சாக்குப் போர்த்தி நின்றது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நானும் போய் உட்கார்ந்தேன். முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு இடம் விட்டார்கள். காயின் முதுகை இரண்டு விரலால் அமுக்கி, வாய் பிளந்ததும் பருப்பைத் தொடாமல் தோலை விலக்குகிறார்கள். அரை நாளில் என் பெருவிரல் வீங்கிவிட்டது. நான் உரித்ததை மாராயி தன் முறத்தில் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பெரும்பாலானதைத் தின்கிற கூடையில் போட்டார்.

"அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள் அம்மா. நான் கேட்கவில்லை" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "நீங்க படிச்சவீங்க. மெசினே செஞ்சவீங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நானும் உட்டுட்டனுங்க சாமி" என்றார்.

ஐந்து நாள் மழைக்குக் காத்திருந்தேன். மேகம் வந்து கொல்லிமலைப் பக்கம் போய்விடும். எனக்கு அனுமதித்த நாட்கள் முடிந்துகொண்டிருந்தன, கிளம்பித்தான் ஆக வேண்டும். மெஷினைத் திரும்பக் கொண்டுபோய்விடுகிறேன் என்றேன். செங்கோடன் கேட்கவில்லை. "குடுத்தத எடுத்துட்டுப் போவாங்களா?" என்று சொல்லிவிட்டார். செவலைக் காளைகளைப் பூட்டி ராசிபுரம் வரை கொண்டுவந்து விட்டார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு துணி மூட்டையை மடியில் வைத்தார். "வழிக்குங்க" என்றார். பாவாயி ஏதோ பலகாரம் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கப்பலில் பிரித்தேன். பலகாரமும் இருந்தது. அதற்குக் கீழே உரிக்காத கடலைக்காய், இரண்டு படி இருக்கும். திரண்ட, முற்றிய காய். அந்த அண்ணன் வீட்டு மூட்டையிலிருந்து எடுத்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் செங்கோடன் யாரையோ கொண்டு எழுதியிருந்தார்: "உங்க ஊரில் விதைத்துப் பார்க்கவும். இது நல்ல விதை." ஒரு ஏக்கருக்கே போதுமோ போதாதோ என்றிருந்த விதை அது. அதில் இரண்டு படியை விருந்தாளிக்கு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் மூட்டையைத் திரும்பக் கட்டிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றேன்.

வீட்டுக்கு வந்து கையாலேயே உரித்தேன். ஒவ்வொன்றின் மூக்கையும் பார்த்தேன். கிணற்றடியில் ஊன்றித் தண்ணீர் விட்டேன். ஒன்றுகூடத் தவறாமல் முளைத்தது. காலையில் பல் துலக்கப் போகிறபோதெல்லாம் அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டியிருந்தது.

கார்த்திகையில் கடிதம் வந்தது. அதே கையெழுத்து. "தாங்கள் போனபின் சிறு தூறல் வந்தது. விதைத்தோம். முளைத்தது. பிறகு மழை இல்லை. காய்ந்துவிட்டது. தீனி இல்லாததால் காளைகளை விலைக்குக் கொடுத்துவிட்டோம். இதைப் பற்றித் தாங்கள் ஒன்றும் நினைக்க வேண்டாம். தங்கள் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். கொடுத்த விதை முளைத்ததா என்று எழுதவும்."

மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதினேன். செங்கோடன் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். படித்துக் கேட்கும்போது துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கடப்படுவார். கிழித்துப் போட்டேன். ஒரு கார்டு எடுத்து, "எல்லாம் முளைத்தது" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அடுத்த கடிதத்தில் பதில் வந்தது. கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டாராம். மாராயியிடமும் சொன்னாராம்.